வயதானவர்களுக்கு நட்ஸ்: ஞாபகத்துக்காகக் கொடுப்பதென்றால் எப்படிக் கொடுப்பது?

முதியோர் இல்லம் ஒன்றில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மெனு போடுவது பாதி வேலைதான். பார்க்க வரும் பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போகிற டப்பாக்களை யாருக்கு, எவ்வளவு, எப்படித் தருவது என்று பார்ப்பது மீதிப் பாதி. முன்பெல்லாம் பிஸ்கட் டப்பாதான் வரும். இப்போது நட்ஸ். "அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியாயிட்டே போகுது மேடம், தினமும் பத்து பாதாம் கட்டாயம் கொடுத்துடுங்க" என்பார்கள். கொடுக்கலாம்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு மேல்வரிசை முழுக்கப் பல்செட். காலையில் தைராய்டு மாத்திரை. போதாததற்கு, தண்ணீர் குடித்தாலே இருமல் வருகிறது. அவர் கையில் பத்து பாதாமை அப்படியே கொடுத்துவிட்டு நான் அடுத்த அறைக்குப் போக முடியாது.

பாதாமா, வால்நட்டா, எது மூளைக்கு உசத்தி என்று மணிக்கணக்கில் அலசுகிறார்கள். என் அனுபவத்தில் அந்தக் கேள்வி கடைசியில்தான் வரும். தட்டிலிருந்து எதை எடுத்துவிட்டு இதை வைக்கிறோம், அந்த வாய்க்கு எந்தப் பதத்தில் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆய்வுகள் எதுவரை கை கொடுக்கின்றன

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பலர் பாதிச் செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

அதிகம் பேசப்படுவது ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வு. இதய நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்த 55 முதல் 80 வயது வரையிலானவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு மத்தியதரைக்கடல் உணவுமுறையோடு (காய், பழம், பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் அதிகம் உள்ள சாப்பாடு) தினமும் 30 கிராம் நட்ஸ். அதில் 15 கிராம் வால்நட், பாதாமும் ஹேசல்நட்டும் தலா 7.5 கிராம். இன்னொரு பிரிவுக்கு அதே உணவோடு ஆலிவ் எண்ணெய். மூன்றாவது பிரிவுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி ஆலோசனை மட்டும். பார்சிலோனாவில் இருந்தவர்களுக்கு ஞாபகம், கவனம் எல்லாம் தனியாகச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் நான்கு வருஷம் கழித்துப் பார்த்தால், நட்ஸ் சாப்பிட்டவர்களின் ஞாபக மதிப்பெண் மூன்றாவது பிரிவினரைவிட மேலாக இருந்தது. அந்த 30 கிராம் கணக்கு உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். (பிரெடிமெட்டின் முதன்மைக் கட்டுரையை, ஆட்களைப் பிரிவுகளில் சேர்த்த முறையில் குளறுபடி இருந்ததால் 2018-ல் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். எனவே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன், தூக்கிப் போடவில்லை.)

இதற்கு நேர் எதிரே நிற்பது 2020-ல் வந்த வால்நட் ஆய்வு. கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவிலும் பார்சிலோனாவிலும் சேர்த்து, 63 முதல் 79 வயது வரை, மூளைத்திறன் நன்றாக இருந்த 700-க்குக் கொஞ்சம் மேற்பட்டவர்கள். பாதிப் பேருக்கு இரண்டு வருஷம், தினமும் 30 முதல் 60 கிராம் வால்நட். மொத்தமாகப் பார்த்தபோது மூளைத்திறனில் வித்தியாசம் எதுவும் இல்லை. ஆனால் ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பார்சிலோனா ஆட்களிடம் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. அவர்களில் புகை பிடிப்பவர்கள் அதிகம், படிப்புக் காலம் குறைவு, ஏற்கெனவே உடலில் இருந்த தாவர ஒமேகா-3 கொழுப்பும் குறைவு. லோமா லிண்டாக்காரர்கள் முதலிலிருந்தே நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக வாழ்ந்தவர்கள். இப்படிப் பின்னால் பிரித்துப் பார்த்துச் சொல்வதை உறுதியான நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இல்லத்தில் நான் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது: சாப்பாடு மோசமாக இருக்கிறவருக்குத்தான் மாற்றம் அதிகம் உதவும்.

அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்விலிருந்து 2014-ல் ஒரு கணக்கு வந்தது. 70 வயதைக் கடந்த 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள். வாரத்தில் ஐந்து முறைக்குக் குறையாமல் நட்ஸ் சாப்பிட்டவர்களின் மதிப்பெண், சாப்பிடாதவர்களைவிடச் சராசரியில் கூடுதலாக இருந்தது. வயதுக் கணக்கில் சொன்னால் இரண்டு வயது இளமை. ஆனால் வருஷங்கள் போகப் போக மதிப்பெண் சரிந்த வேகம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்தக் கடைசி வரியை யாரும் பகிர்வதில்லை.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் செய்து 2023-ல் வெளிவந்த சின்ன ஆய்வு எனக்குப் பிடிக்கும். மொத்தமே 28 பேர், சராசரி வயது 65. பதினாறு வாரம் தினமும் 60 கிராம் கலப்பு நட்ஸ்: வால்நட், பிஸ்தா, முந்திரி, ஹேசல்நட், தலா 15 கிராம். அதே ஆட்களுக்கு நட்ஸே இல்லாத இன்னொரு பதினாறு வாரமும் உண்டு. நட்ஸ் சாப்பிட்ட காலத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. சொற்களையும் இடங்களையும் நினைவில் வைக்கும் தேர்வுகளில் மதிப்பெண்ணும் கூடியிருந்தது. ஆனால் திட்டமிடும் திறனிலோ கை வேகத்திலோ மாற்றம் இல்லை. 28 பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் பலன் எந்த வழியாகப் போகிறது என்பதற்கு அது ஒரு துப்பு.

அந்த வழி ரத்தக்குழாய். நம் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. குழாய் இறுகினால் முதலில் தள்ளாடுவது அதுதான். நட்ஸில் உள்ள ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடல் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. அது குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது. நட்ஸின் கொழுப்பு, எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் இறக்குகிறது. நடுத்தர வயதில் உயர்ந்திருக்கும் எல்டிஎல், டிமென்ஷியா எனும் மறதி நோய்க்கான காரணிகளில் ஒன்று என்று, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல்தான் தன் பட்டியலில் சேர்த்தது. வால்நட்டில் தாவர ஒமேகா-3, பாதாமில் வைட்டமின் ஈ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமை உண்டு. எனக்கு அந்தப் பெருமைகளைவிட ரத்தக்குழாய்தான் முக்கியம்.

ஆக, வந்துவிட்ட மறதியை நட்ஸ் திருப்பி அனுப்பும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூளைக்குப் போகும் வழியைச் சுத்தமாக வைக்கிற சாப்பாட்டில் அதற்கு ஓர் இடம் உண்டு.

எவ்வளவு, எதற்குப் பதிலாக

ஒரு நாளைக்கு 30 கிராம். சமையல் தராசு இருந்தால் ஒரே ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். பிறகு கை பழகிவிடும். பாதாம் என்றால் 25-க்குப் பக்கம். வால்நட் என்றால் பாதிப் பாதியாக 15. முந்திரி 18 முதல் 20. ஓடு நீக்கிய பிஸ்தா ஐம்பது வரை வரும். சின்ன உடம்புக்காரர், பசி குறைந்தவர் என்றால் 15 கிராமில் ஆரம்பியுங்கள். வயிறு உப்பினால் அங்கேயே இரண்டு வாரம் நில்லுங்கள்.

அந்த 30 கிராமில் சுமாராக 170 முதல் 200 கலோரி இருக்கிறது. வழக்கமான மூன்று வேளை, மாலை டீக்கு நான்கு க்ரீம் பிஸ்கட், அதற்கு மேல் ஒரு கைப்பிடி நட்ஸ் என்றால் எடை ஏறும். எடை ஏறினால் சர்க்கரையும் அழுத்தமும் ஏறும். எதற்காகக் கொடுத்தோமோ அதுவே கெடும். எனவே பிஸ்கட்டை எடுங்கள், அதே நேரத்தில், அதே கிண்ணத்தில் நட்ஸை வையுங்கள். நேரம் மாறினால் வயதானவர்களுக்கு ஏமாற்றம் வரும். நாலு மணிக்குக் கை தானாகத் தட்டுக்குப் போகும். அங்கே எது இருக்கிறதோ அது உள்ளே போகும்.

எங்கள் இல்லத்தில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். "ரெண்டு பாதாம் கூடப் போடும்மா, நேத்து பேரன் பேரு வாயிலயே வரல" என்றார் ஒரு நாள். "சார், அளவு கூடினா பேரு சீக்கிரம் வரும்னு கணக்கு ஏதாவது இருக்கா?" என்றேன். சிரித்துவிட்டு, "அப்போ பிஸ்கட்டையாவது விட்டுட்டுப் போ" என்றார். பேரம் அங்கேதான் நடக்கும். பிஸ்கட்டை ஒரேயடியாகப் பிடுங்காமல் வாரத்தில் இரண்டு நாள் விட்டுவைத்தேன். மீதி ஐந்து நாள் நட்ஸ் ஓடுகிறது. எனக்கு அது போதும்.

உப்பு போட்டது, சர்க்கரைப் பாகு பூசியது, மசாலா மாவில் பொரித்தது எதுவும் இந்தக் கணக்கில் வராது. வெறும் நட்ஸ், அல்லது எண்ணெய் விடாமல் வறுத்தது. வேர்க்கடலை தாவரவியல்படி பயறு வகை என்றாலும் ஊட்டத்தில் இவற்றின் சொந்தக்காரன்தான், தாராளமாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு நாளும் ஒன்றை மாற்றிக் கொடுத்தால் சலிப்பும் வராது.

ஒன்றே ஒன்றில் மட்டும் கை கட்டுப்பாடு வேண்டும்: பிரேசில் நட். லேசான மறதி உள்ள முதியவர்களுக்கு ஆறு மாதம் தினமும் ஒன்று கொடுத்துச் செய்த சின்ன ஆய்வில் சரளமாகச் சொல் எடுக்கும் திறன் முன்னேறியது உண்மை. அதைக் கேட்டுக் கைப்பிடி அளவு கொடுத்துவிடக் கூடாது. அதில் செலினியம் அவ்வளவு செறிவு. 28 கிராம் சாப்பிட்டாலே பெரியவர்களுக்கான நாள் உச்சவரம்பான 400 மைக்ரோகிராமைத் தாண்டிவிடும். தொடர்ந்து மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வரும். ஒன்று போதும்.

பல், தொண்டை, பதம்

இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

முதலில் பல்செட். பாதாமின் உடைந்த துண்டு கூர்மையானது. அது பல்செட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டால், கடிக்கும்போதெல்லாம் ஈறில் குத்தும். அவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். இரண்டு நாள் கழித்து "பசிக்கல" என்பார். நட்ஸை ஒதுக்குகிறாரே என்று நாம் நினைப்போம். பல்செட்டைக் கழற்றிப் பார்த்தால் ஈறில் சிவப்பாகப் புண் இருக்கும். அதனால் பல்செட்காரர்களுக்கு முழு பாதாம் நான் தருவதே இல்லை. வால்நட், முந்திரி இரண்டும் மென்மை, விரலாலேயே உடைக்கலாம். பாதாம்தான் வேண்டும் என்றால் இரவு ஊறவைத்துக் காலையில் கொடுங்கள். ஊறவைப்பதால் சத்து பன்மடங்கு பெருகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடிக்க இதமாகும், அதுதான் லாபம். ஊறியதை வெளியில் வைத்தால் வழவழப்பு ஏறிவிடும். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

அடுத்தது தொண்டை. தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பிட்ட பின் குரல் கரகரவென்று ஈரமாக மாறுவது, ஒரு வாயை இரண்டு மூன்று தடவை விழுங்குவது: இதில் ஒன்று இருந்தாலும் முழு நட்ஸ், உடைத்த நட்ஸ் இரண்டும் வேண்டாம். துண்டு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரை போகும். பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம். விழுங்குவதைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு அவர் சொல்லும் பதத்தில் மட்டும் கொடுங்கள்.

நட்ஸை விழுதாக அரைத்த கெட்டியான நட்ஸ் பட்டர் பத்திரமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பூனோடு வாயில் வைத்தால் அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எச்சில் குறைந்த வாயில் அது நகரவே நகராது. வயதானவர்கள் சாப்பிடும் மாத்திரைகளில் பல வாயை உலர்த்துபவை. பட்டரை வெந்நீரிலோ பாலிலோ கரைத்துத் தளர்த்தி, ஓட்ஸ் கஞ்சியிலோ தயிரிலோ கலந்துவிடுங்கள்.

பொடிதான் என் வழி. வறுத்த நட்ஸ் முழுக்க ஆறிய பிறகு, முடிந்தால் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மிக்ஸியில் போடுங்கள். விட்டு விட்டு, இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு சுற்று. ஒரே மூச்சில் ஓடவிட்டால் சூட்டில் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் அப்பிக்கொள்ளும். நைசாக வந்ததும் சல்லடையில் ஒரு தடவை சலியுங்கள். மேலே நிற்கிற குருணைதான் பல்செட்டுக்கும் தொண்டைக்கும் எதிரி. பொடியை வாயில் நேராகக் கொட்டக் கூடாது, புரையேறும். ஈரமான உணவில் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். மூன்று நான்கு மேசைக்கரண்டி ஒரு நாள் அளவுக்குச் சரியாக வரும்.

பதம் கலோரியையும் மாற்றுகிறது. முழு பாதாமைக் கடித்துச் சாப்பிடும்போது செல் சுவருக்குள் சிக்கிய கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. 2012-ல் அளந்து பார்த்தபோது, 170 கலோரி அளவுக்கு இருக்கும் என்று எண்ணிய 28 கிராம் பாதாமிலிருந்து உடலுக்குக் கிடைத்தது 129 கலோரிதான். பட்டராக அரைத்தால் அந்தச் சலுகை கிடையாது. இதை நான் இப்படிப் பயன்படுத்துகிறேன்: பல் நன்றாக இருந்து, எடை கூடுதலாக இருப்பவருக்கு முழு நட்ஸ், மெதுவாக மென்று. மெலிந்துகொண்டே போகிறவருக்குப் பொடி. எடை இறங்குவது முதுமையில் நல்ல செய்தி இல்லை. ஒரு கிண்ணம் கஞ்சியில் இரண்டு ஸ்பூன் பொடி சத்தமில்லாமல் வேலை பார்க்கும்.

மாத்திரைகளோடு

தைராய்டுக்கான லெவோதைராக்ஸின் மாத்திரையை வால்நட் உறிஞ்சவிடாமல் தடுக்கலாம். அந்த மாத்திரை விடியற்காலையில் வெறும் வயிற்றில்; நட்ஸ் மாலையில். இவ்வளவுதான். தைராய்டு குறைந்தாலே மறதி வரும் என்பதால், மறதிக்கு என்று காலை உணவில் வால்நட்டைக் கொட்டி அந்த மாத்திரையைக் கெடுப்பது நமக்கு நாமே குழி தோண்டுவது.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு நட்ஸில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரசும் சுமை. கல் பிரச்சினை உள்ளவர்களுக்குப் பாதாம், முந்திரியில் உள்ள ஆக்சலேட் ஆகாது. இரண்டு தரப்பினரும் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். ஒவ்வாமை எந்த வயதிலும் புதிதாக வரலாம். உதடு தடித்தாலோ மூச்சு இறுகினாலோ உடனே மருத்துவமனை.

ஏற்கெனவே டிமென்ஷியா இருந்தால்

டப்பாவைக் கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சாப்பிட்டது மறந்து மறுபடி சாப்பிடுவார்கள். சிலர் விழுங்காமலே அடுத்ததை வாயில் திணிப்பார்கள், கன்னத்தில் அடக்கிவைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும், பொடியாக. ஓடுள்ள பிஸ்தாவை உரித்துச் சாப்பிடுவது மறதி இல்லாதவர்களுக்கு நல்ல கைவேலை, வேகமும் குறையும். இவர்களுக்கு அது கூடாது; ஓட்டையும் சேர்த்து மெல்வார்கள்.

பலன் தெரிகிறதா என்று தினமும் தேர்வு வைக்காதீர்கள். "நேத்து என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று சுற்றி நின்று கேட்பதைப் போல ஒரு முதியவரைச் சுருங்க வைப்பது வேறில்லை. பார்க்க வேண்டுமென்றால் எடையைப் பாருங்கள், ரத்த அழுத்தத்தைப் பாருங்கள், மூன்று மாதம் கழித்துக் கொலஸ்ட்ராலைப் பாருங்கள்.

மறதி திடீரென்று இரண்டு மூன்று நாளில் கூடினால் நட்ஸை மறந்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கும். மெதுவாகக் கூடினாலும் வைட்டமின் பி12, தைராய்டு, காது, மன அழுத்தம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம். நட்ஸில் பி12 கிடையாது. எத்தனை கிலோ கொடுத்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது.

வாங்கியதை வைத்துக்கொள்வது

வால்நட் சீக்கிரம் காறிப்போகும், பொடி அதைவிடச் சீக்கிரம். காற்று புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பொடியை ஒரு வாரத்துக்குத் தேவையான அளவு மட்டும் அரையுங்கள். பூஞ்சை பிடித்தது, நிறம் மாறியது, சுருங்கியது எதையும் வறுத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள். பூஞ்சையின் அஃப்ளடாக்ஸின் நச்சு வீட்டு அடுப்புச் சூட்டுக்கு மசியாது. கசக்கிற பாதாமையும் துப்பிவிட வேண்டும். வயதாக ஆக மோப்பம் மங்கிவிடுவதால் பழைய எண்ணெய் வாடை அவர்களுக்குத் தெரியாது. ஆகவே டப்பாவைத் திறந்ததும் நீங்கள் முகர்ந்து, ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.